விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, செராக்ஸ் கடைக்காரன் என்ன செய்வது?

தாலுகா_ஆபீஸ்_எதிரில் எழுதியது:

வணக்கம். தாலுகா ஆபீசுக்கு எதிரில் 11 வருடமாக செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். செராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை டிடிபி, இவ்வளவுதான் தொழில். மொத்தம் 4 கம்ப்யூட்டர். முன்னால் இருக்கும் இரண்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 6-ம் தலைமுறை ஐ5. இன்னொன்று 2015-ல் புதிதாக வாங்கிய ஐ3. இந்த மூன்றிலும் விண்டோஸ் 10. நான்காவது மூலையில் கிடக்கும் விண்டோஸ் 7, அதில் பக்கம் வடிவமைக்கும் பழைய நிரலான பேஜ்மேக்கர் 7 மட்டும்தான் ஓடும், பத்திரிகை வேலை முழுக்க அதில்தான்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்தது என்று திரை முழுக்க ஒரு அறிவிப்பு வந்தது. நான் 'பிறகு பார்க்கலாம்' என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். இப்போது கம்ப்யூட்டர் விற்கும் ஒருவர் வந்து, நான்கையும் தூக்கிப் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் கடையிலிருந்துதான் ஊர் முழுக்க ஹேக் ஆகும் என்று பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகனோ விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொள் மாமா, காசே வேண்டாம் என்கிறான். மெக்கானிக் தம்பி மூன்றாவதாக ஒன்று சொல்கிறான்: மெஷினுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐயே ஏற்றிவிடலாம், ஒரு மெஷினுக்கு 500 ரூபாய் கொடுங்கள் போதும் என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான்கில் ஒன்றில்கூட காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் கிடையாது. என்னிடம் இருப்பது 40,000 ரூபாய், அதுவும் செராக்ஸ் மெஷின் டிரம்முக்கு எடுத்து வைத்தது. கம்ப்யூட்டர் நின்றுவிடுமா? நிற்காது என்றால் அப்படியே ஓட்டலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

வயரிங்_வாத்தியார் எழுதியது:

நிற்காது சார். நாளைக்கும் ஆன் ஆகும், பிரிண்ட் வரும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விண்டோஸ் 10-ம் 11-ம் ஒரே குடும்பம், உள்ளே இருக்கும் நிரல் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் 11-க்கு ஓட்டை அடைக்கும் பேட்ச் விடுகிறது. அந்தப் பேட்சைப் பிரித்துப் பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துபோகும். அதே ஓட்டை 10-லும் இருந்தால் அங்கே அடைக்க ஆள் இல்லை. அடுத்த வீட்டுப் பூட்டை ரிப்பேர் செய்யும்போது அதே மாடல் பூட்டு போட்ட உங்கள் வீட்டின் குறையும் தெருவுக்குத் தெரிந்துவிடுகிற மாதிரி. மாதம் ஏற ஏற இது கூடிக்கொண்டேதான் போகும்.

2017-ல் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தது நினைவிருக்கிறதா? அந்த ஓட்டைக்கு மார்ச் 14-ம் தேதியே பேட்ச் வந்துவிட்டது. வைரஸ் கிளம்பியது மே 12. நடுவில் இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளை நடத்தும் 236 டிரஸ்ட்களில் 80 பாதிக்கப்பட்டன, நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. எல்லோரும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியைத் திட்டினார்கள், ஆனால் அடிபட்டதில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. யாரும் எந்த லிங்க்கையும் தொடவில்லை, நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்கிற எஸ்எம்பி1 என்ற பழைய முறை வழியாகத் தானே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்கள் செராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் ஃபைல் நேராகக் கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு வருகிறதா? பழைய மெஷின்கள் பலவற்றுக்கு எஸ்எம்பி1 மட்டும்தான் தெரியும். 2017 கடைசியிலிருந்து விண்டோஸ் 10-ல் அதை நிறுத்தித்தான் தருகிறார்கள். சர்வீசுக்கு வருகிறவர் 'ஸ்கேன் வரவில்லை' என்றதும் கண்ட்ரோல் பேனலில் போய் அதற்கு ஒரு டிக் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். நான் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் இந்த டிக் இருந்தது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, ஸ்கேனை மெஷினிலேயே பென் டிரைவ் செருகி எடுங்கள். இரண்டு நிமிட வேலை, காசும் இல்லை.

அடுத்தது ஓசி விண்டோஸ். அதைப் பெரும்பாலும் கேஎம்எஸ் கிராக் வைத்துத்தான் ஏற்றியிருப்பார்கள். கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை மொத்தமாக ஆக்டிவேட் செய்ய மைக்ரோசாஃப்டே வைத்திருக்கும் ஏற்பாடு. கிராக் நிரல் செய்வது, அப்படி ஒரு சர்வர் இருப்பதாக உங்கள் மெஷினை நம்பவைப்பது. அதன் பெயரில் வரும் நிரல்களில் கிரிப்ட்பாட் என்ற திருடனைச் சேர்த்து அனுப்புகிறார்கள் என்று 2021 டிசம்பரில் வெளியே வந்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகிற ரகம் அது. ஏற்றும்போது 'முதலில் ஆன்டிவைரஸை நிறுத்து' என்று குறிப்பு இருந்திருக்குமே? நாயைக் கட்டிப் போடு, அப்புறம் நான் உள்ளே வருகிறேன் என்று சொல்கிற ஆளை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?

விண்டோஸ் 7-ஐ என்ன செய்வது என்று தனியாக யோசிக்கவே வேண்டாம், நெட் வயரை இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். அதற்கு சப்போர்ட் முடிந்து 2020 ஜனவரியோடு வருடங்கள் ஓடிவிட்டன. குரோம்கூட 109-ம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. பேஜ்மேக்கருக்கு நெட் எதற்கு?

500 ரூபாய் யோசனை பற்றி: ஏறும், ஓடும். ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. வருடா வருடம் வரும் பெரிய பதிப்பைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும், அப்போதெல்லாம் தம்பிக்கு இன்னொரு 500. முறையாக 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெலில் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்து. உங்களுடைய 6-ம் தலைமுறையும் ஐ3-யும் தேறாது.

காசு கட்டி பேட்ச் வாங்கும் வழியும் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று ஒரு திட்டம் விட்டார்கள், 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். தொழில் செய்யும் இடத்துக்கு மெஷினுக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு. ஓசி விண்டோஸுக்கு 61 டாலர் கட்டப்போகிறீர்களா என்ன, அதை விடுங்கள்.

---

பெங்குவின்_பேரன் எழுதியது:

உங்கள் அக்கா மகன் சொன்னதுதான் சரி அண்ணே. லினக்ஸில் மின்ட் என்ற வகை, அதன் 22-ம் பதிப்பைப் போட்டால் 2029 வரை அப்டேட் வரும், அந்தப் பழைய ஐ3-க்கு ஒரு எஸ்எஸ்டி மட்டும் வாங்கிப் போட்டால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். தமிழ் தட்டச்சுக்கு தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. குரோம், வாட்ஸ்அப் வெப், பிடிஎஃப் எல்லாம் அதே மாதிரிதான்.

லினக்ஸ் என்றால் ஏதோ ஆராய்ச்சிக் கூட சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து கேரளாவில் அரசுப் பள்ளிகள் முழுக்க லினக்ஸ், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதில்தான் படம் வரைகிறார்கள். நம் ஊரில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலும் விண்டோஸுடன் சேர்த்து சிடாக் சென்னையின் பாஸ் லினக்ஸ் இருந்தது. நாம்தான் வாங்கிய அன்றே அதை அழித்துவிட்டு கிராக் விண்டோஸ் ஏற்றக் கடைக்கு வரிசையில் நின்றோம். (அண்ணே, உங்கள் கடையில்கூட நின்றிருப்பார்கள்.)

பத்திரிகை வேலையையும் பேஜ்மேக்கரை விட்டு வெளியே கொண்டு வாருங்கள். 2001-ல் வந்த பதிப்பு அது, 2004-லேயே அடோபி வளர்ப்பதை நிறுத்திவிட்டது, இன்றைக்கு எல்லா இடத்திலும் தமிழ் எழுதப் பயன்படும் யூனிகோடே தெரியாது அதற்கு. இலவச நிரலான லிப்ரெஆஃபிஸ் டிராவில் பேஜ்மேக்கர் ஃபைல்கள் திறக்கும், பக்கம் வடிவமைக்கும் இன்னொரு இலவச நிரலான ஸ்கிரைபஸின் புதிய பதிப்பில் தமிழ் எழுத்து உடையாமல் வரும்.

---

மாவட்டத்_தலைநகர்_டிடிபி எழுதியது:

பெங்குவின் தம்பி, கல்யாணப் பத்திரிகை அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

20 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். என்னிடம் பிள்ளையார் படத்திலிருந்து 'தங்கள் நல்வரவை நாடும்' வரை 3,000 மாதிரிப் பத்திரிகைகள் இருக்கின்றன, எல்லாம் பழைய எழுத்துருவில். லிப்ரெஆஃபிஸில் திறந்தேன், திறந்தது, ஆனால் 'திருநிறைச்செல்வி' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் புள்ளியுமாக ஏதோ ஒரு வரி. காரணம் எளிது: பாமினி, வானவில், செந்தமிழ் வகையறா எழுத்துருக்களில் 'அ' என்பது உண்மையில் ஒரு ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும், எழுத்துரு இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒவ்வொரு பத்திரிகையையும் மாற்றி, வரி பார்த்து, பெயர் பார்த்து… 'ஸ்ரீ' ஒன்று போதும், கவிழ்த்துவிடும். தாய்மாமன் பெயரில் ஒரு கால் விட்டுப்போனால் யார் வந்து கடை முன்னால் நிற்பார்கள், நீங்களா?

அடுத்து பிரிண்டர். எல்லா செராக்ஸ் கடையிலும் இருக்குமே அந்தக் குட்டி வெள்ளை லேசர், கேனான் 2900, அதற்கு லினக்ஸில் டிரைவர் ஏற்றுவது தனித் தவம். இங்க் டேங்க் பிரிண்டர்கள் பரவாயில்லை, செருகியதும் வேலை செய்தன. கைரேகை மெஷின் வைத்திருந்தால் அதை ஆதாரோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் நிரல் நான் வாங்கியதில் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மட்டும்தான் வந்தது.

ஆனாலும் தம்பி சொன்னதில் பாதி சரி. நான் செய்தது இதுதான்: வாடிக்கையாளர் பென் டிரைவ் செருகும் மெஷினில் மட்டும் மின்ட் போட்டேன். வாங்கி, திறந்து, பிடிஎஃப் ஆக்கி, பிரிண்ட் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. ஊரில் உள்ள அத்தனை காலேஜ் பையன்களின் பென் டிரைவிலும் அந்த ஷார்ட்கட் வைரஸ் இருக்கும், ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்குமே, அது. தினம் இரண்டு பேருக்கு 'அண்ணா என் புராஜெக்ட்டையே காணோம்' என்று கண் கலங்கும். அட்ரிப் கட்டளை போட்டு மீட்டுக் கொடுத்து 20 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். லினக்ஸில் செருகினால் மறைத்து வைத்ததெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, ஷார்ட்கட் பொணம் மாதிரிக் கிடக்கிறது, தொட்டாலும் ஒன்றும் ஆகாது. 20 ரூபாய் வருமானம் போனதுதான் நஷ்டம்.

பெரிய வேலைக்கு ஒரே ஒரு 8-ம் தலைமுறை ஐ5, கம்பெனிகள் கழித்துவிடும் மெஷின்களில் ஒன்றை 17,000-க்கு எடுத்தேன், லைசன்ஸ் விண்டோஸ் அதிலேயே இருந்தது. நான்கையும் மாற்றச் சொன்னவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

---

நாலாம்_பெஞ்ச்_டீச்சர் எழுதியது:

கடை வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்கிறீர்கள், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நான் ஒன்று சொல்லலாமா?

பையனுக்கு சாதிச் சான்று பிரிண்ட் எடுக்க ஒரு கடைக்குப் போனேன். வாட்ஸ்அப்பில் அனுப்புங்க மேடம் என்றார் அந்தத் தம்பி, அனுப்பினேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தார். திரை என் பக்கம் திரும்பி இருந்தது. வரிசையாக ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட், யாருடையதோ விவாகரத்து நோட்டீஸ். என் பள்ளிக்கூடத்து மாணவி ஒருத்தியின் போட்டோவும் இருந்தது, எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர் என் ஃபைலைத் தேடி மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் ஊரில் பாதிப் பேரின் பீரோவைத் திறந்து பார்த்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

இதற்கு எந்த ஹேக்கர் வேண்டும்? விண்டோஸ் 10 ஆனாலும் 11 ஆனாலும் அந்த ஃபோல்டர் அங்கேயேதானே இருக்கும்?

2022 மே 27-ம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது, ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க் ஆதார் கொடுங்கள், பிரவுசிங் சென்டரில் டவுன்லோட் செய்யாதீர்கள், செய்தால் எல்லா நகலையும் அழித்துவிடுங்கள் என்று. ஜனங்கள் பீதியடைந்துவிட்டார்கள் என்று இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் வாங்கினாலும் சொன்ன விஷயம் சரியானதுதானே. இ-ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் 4 எழுத்து, பிறந்த வருடம், இதுதான் பாஸ்வேர்டு என்று உலகத்துக்கே தெரியும். ஃபைலுக்கே ஆளின் பெயரைத்தான் வைத்திருப்பார்கள், அப்புறம் வருடம் ஒன்றுதான் பாக்கி, 90 தடவை அடித்தால் திறந்துவிடும்.

தாலுகா ஆபீஸ் எதிரில் சார், உங்கள் டவுன்லோட்ஸில் எத்தனை ஃபைல் இருக்கிறது? கோபப்படாமல் எண்ணிச் சொல்லுங்கள்.

---

தாலுகா_ஆபீஸ்_எதிரில் எழுதியது:

கோபமில்லை மேடம். நேற்று ராத்திரி கடை சாத்தியதும் உட்கார்ந்து பார்த்தேன். முன் மெஷினில் 14,212. இரண்டாவதில் 9,000 சொச்சம். பழைய தேதி 2019. அந்த வருடம் பிரிண்ட் எடுத்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை, அவர்களுடைய ஆதார் என்னிடம் இருக்கிறது. திருட்டு எண்ணம் எதுவும் இல்லை மேடம், சத்தியமாக. 'போன தடவை கொடுத்தேனே தம்பி, அதையே எடுத்துக்கோ' என்று பாதிப் பேர் சொல்வார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போய் எடுத்துவர பஸ் ஏற வேண்டும். அதற்காக வைத்தது, அப்படியே குவிந்துவிட்டது.

எஸ்எம்பி1 டிக் இருந்தது. எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. கவுண்டருக்கு அடியில் 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி, உதவித்தொகை, முதியோர் பென்ஷன் என்று நாங்கள் பதிந்து கொடுத்த கணக்குகளின் ஐடியும் பாஸ்வேர்டும் அதில்தான் எழுதி வைப்போம். வருகிறவர்களுக்கு ஞாபகம் இருக்காது, அடுத்த முறை வந்து என்னிடம்தான் கேட்பார்கள். போன் இல்லாத கிழவிகளுக்கு என் நம்பரையே கொடுத்துப் பதிந்திருக்கிறேன், 30, 35 பேர் இருக்கும். ஓடிபி எனக்குத்தான் வரும். இது எவ்வளவு பெரிய தப்பு?

---

வயரிங்_வாத்தியார் எழுதியது:

டீச்சர் கேட்ட கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பேட்ச், தலைமுறை என்று எழுதினேனே தவிர டவுன்லோட்ஸ் ஞாபகமே வரவில்லை.

சார், தாளில் எழுதிய நோட்டை ரஷ்யாவில் இருந்து யாரும் திருட முடியாது, அந்த வகையில் அது உங்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைவிடப் பரவாயில்லை. ஆனால் கடைப் பையன் மாறுகிறான், கவுண்டருக்கு அடியில் யார் வேண்டுமானாலும் குனியலாம். பூட்டுகிற டிராயருக்கு மாற்றுங்கள். இனிமேல் பதிகிறவர்களுக்கு ஐடி, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் பிரிண்ட் போட்டு, ரேஷன் கார்டு உறையில் அவர்களே வைத்துக்கொள்ளும்படி கொடுங்கள். ரேஷன் கார்டைத் தொலைக்கும் கிழவியை நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டா வைத்திருக்கிறீர்கள்? கடைப் பெயரும் 123-மா? பதில் சொல்ல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

நம்பர் விஷயம் நோட்டைவிட ஆபத்து. அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலோ, கடையை விற்றாலோ நம்பர் வேறு ஆளுக்குப் போகும், 35 பேரின் ஓடிபியும் அவரோடு போகும். அந்தப் பாட்டிகளுக்கு மகனோ பேத்தியோ ஒருவர் நம்பர் இருக்கும், ஒவ்வொருவராக வரும்போது மாற்றுங்கள். அவர்களில் யாருக்காவது கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் பழக்கம் இல்லை என்றால் ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டும் பயோமெட்ரிக் லாக் போட்டுவிடலாம், ஆனால் ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டிய அன்று பாட்டி வந்து உங்களைத்தான் பிடிப்பார், யோசித்துச் செய்யுங்கள்.

ஃபைல்களுக்கு: விண்டோஸ் 10-லேயே ஸ்டோரேஜ் சென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில். டவுன்லோட்ஸில் இத்தனை நாள் திறக்காத ஃபைலை அழி என்று சொல்லலாம், 1 நாள் என்றே வைக்கலாம். கடை வாட்ஸ்அப்பில் மறையும் செய்தியை 24 மணி நேரத்துக்கு வையுங்கள், மீடியா தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்துங்கள். வாடிக்கையாளர் ஜிமெயில் திறக்க வேண்டும் என்றால் குரோமில் கெஸ்ட் ஜன்னல் மட்டும், மூடினால் லாகினும் ஹிஸ்டரியும் போய்விடும்.

டிரம் மாற்றுகிறேன் என்றீர்களே, அந்த மெஷின் பெரிய மாடலா? பெரியவற்றில் பல நேரம் உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கும், நகல் எடுத்ததன் படம் அதில் தங்கும். 2010-ல் அமெரிக்காவில் சிபிஎஸ் டிவிக்காரர்கள் பழைய காப்பியர் 4 வாங்கி டிஸ்க்கைத் தோண்டிப் பார்த்தார்கள், பஃபலோ நகர போலீஸ் கோப்புகளும் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளும் வந்தன. என்றைக்காவது எக்ஸ்சேஞ்சில் போட்டால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

---

பெங்குவின்_பேரன் எழுதியது:

டிடிபி அண்ணன் சொன்ன 'திருநிறைச்செல்வி' வரியை நேற்று முயன்று பார்த்தேன். எனக்கு 'திருநிறைச்செல்லி' என்று வந்தது. தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். பேஜ்மேக்கர் மூலையிலேயே இருக்கட்டும், நெட் வயர் மட்டும் வேண்டாம்.

---

தாலுகா_ஆபீஸ்_எதிரில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அக்கா மகனைக் கூப்பிட்டு உட்கார்ந்தோம். 23,000 ஃபைலையும் ஷிப்ட் டெலிட். அழிவதற்கு 6 நிமிடம்கூட ஆகவில்லை, நான்தான் விரலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தேன். பென் டிரைவ் மெஷினாக ஐ3-ஐ மின்ட்டுக்கு மாற்றினான், எஸ்எஸ்டியோடு சேர்த்து 1,900 ஆனது. இங்க் டேங்க் பிரிண்டரை உடனே பிடித்துக்கொண்டது, 2900-ஐ இரண்டு மணி நேரம் போராடிவிட்டு விண்டோஸ் மெஷினிலேயே மாட்டிவிட்டான். 8-ம் தலைமுறை மெஷின் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், டிரம் அடுத்த மாதம்.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆள் வந்தார், பக்கத்து கிராமத்துப் பெரியவர். 'போன தடவை கொடுத்த ஆதாரையே எடுத்துப் போடு தம்பி' என்றார். அழித்துவிட்டேன் ஐயா என்றேன். 'எதுக்கு அழிச்ச, நான் உன்னை நம்பித்தானே குடுத்தேன்' என்று திட்டிவிட்டு, ஊருக்குத் திரும்ப 10.40 பஸ்ஸுக்குப் போய் நின்றார். டிஜிலாக்கரில் எடுத்துத் தருகிறேன் என்று பின்னாலேயே ஓடினேன். ஓடிபி எந்த நம்பருக்கு வரும் என்று பார்த்தால், என் நம்பருக்கு.